பேயும் கமராவும்

மழை ஓயாத ஒரு சனிக்கிழமை இரவு. ஹந்தானை மலை முகிலுக்குள் மறைந்துவிட்டால் கண்டி நகரமே போர்வைக்குள் புகுந்துகொண்டது போலாகிவிடும். நான் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகள் அடுத்த அறையில் கைத்தொலைபேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓர் அலறல் கேட்டது. பதறியடித்து ஓடினேன். அலறியவள் மகள் அல்லள். படத்தில் வரும் ஒரு பெண். மகளோ தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது உண்மையாகவே நடந்ததாம். அந்த வீட்டுக் கமராவில் பதிவாகியிருந்ததைத்தான் அப்படியே காட்டுகிறார்களாம்" என்றாள்.

விடைத்தாள்களை மறந்து நானும் அவளருகே அமர்ந்தேன்.

நம் தமிழ்ப் படங்களில் பேய்களுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், சலங்கை ஒலி, பாழடைந்த மாளிகை என்று அவற்றுக்கென ஓர் இலக்கணமே உண்டு. அங்கே கமரா என்று ஒன்று இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மேல்நாட்டிலிருந்து வந்த இந்த வகைப் படங்களிலோ கமரா கதைக்குள்ளேயே ஒருவரின் கையில் இருக்கிறது. கதாபாத்திரங்கள் தாமே எடுத்த படம் பின்னர் யார் கையிலோ கிடைத்தது என்பது கதையின் அடிப்படை. அதனால் படம் ஆடும். குரல் தெளிவாகக் கேட்காது. மூலையில் மணியும் நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கும். பின்னணி இசை இராது. இசை இல்லாத அந்த மௌனந்தான் பாதிப் பயத்தைத் தருகிறது.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளேயர் விட்ச் புரொஜெக்ட்' என்ற அமெரிக்கப் படமே இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. 1994இல் காட்டுக்குள் சென்று காணாமற்போன 3 மாணவர்களின் படச்சுருள் ஓராண்டுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டது என்று அப்படம் தொடங்கும். எல்லாம் கற்பனைதான். ஆயினும் அதை வெளியிட்டவர்கள் 'காணவில்லை' என்று அறிவிப்புகள் அச்சடித்து விநியோகித்தார்கள். அதில் நடித்த பெண் உயிரோடிருக்கையிலேயே அவருடைய தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தனவாம். ஏறக்குறைய 60,000 டொலரில் பிடிக்கப்பட்ட அப்படம் 24 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது.

அன்றிரவு மகள் பார்த்தது 'பராநோர்மல் அக்டிவிட்டி' என்ற படம். ஓரன் பெலி என்பவர் 2006இல் தம் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டொலர் செலவில், ஒரே வாரத்தில் எடுத்தது. 2009இல் பரவலாகத் திரையிடப்பட்டது. கதை மிகச் சிறியது. சிறுவயது முதல் ஒரு பெண்ணை ஏதோ ஒன்று தொடர்ந்து வருகிறது. அவளோடு வாழும் இளைஞன், அது என்னவென்று பார்த்துவிடுவோம் என்று கமரா ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் முக்காலியின்மேல் நிறுத்துகிறான். இரவு முழுவதும் அது விழித்திருக்கிறது. நெடுநேரம் எதுவும் நடப்பதில்லை. இருவர் உறங்குகிறார்கள், திறந்த கதவுக்கு அப்பால் இருண்ட நடை. அந்த இருளில் ஏதாவது அசைகிறதா என்று நம் கண்கள் தாமாகவே தேடத் தொடங்குகின்றன. அவ்வளவுதான் உத்தி, பேயை நாமே செய்துகொள்கிறோம்.

நாட்கள் செல்லச் செல்ல அந்தப் பெண் வாடுகிறாள், நடுங்குகிறாள். கமராவை விட்டுவிடும்படி சொல்லிப் பார்க்கிறாள். அவன் கேட்பதில்லை. அவள் அழும்போதும் படம் பிடிக்கிறான்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அவன் ஏன் அந்தக் கமராவைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான்?"

இவ்வகைப் படம் பார்க்கும் எவரும் கேட்கும் கேள்விதான் அது. கமராவைக் கீழே வைத்தால் படம் முடிந்துவிடும், அதனால்தான் என்று சிரித்தபடி விடை சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல நா எழவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவு என் கண்முன் வந்து நின்றது.

1988ஆம் ஆண்டு. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு 8 வயது, அக்காவுக்கு 15. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் ஒருநாள் அக்கா விழுந்தாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. அடுத்த வாரமும் அவ்வாறே நேர்ந்தது. விழுந்த இடம் ஓடைக்கரைப் பெரிய மரத்தடி. யாரோ ஒருத்தி அங்கே முன்பு நாண்டுகொண்டு செத்தாளாம். லயத்தாருக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பூசாரியை அழைத்து வந்தார்கள். உடுக்கடித்தார், சாம்பிராணி போட்டார், அக்காவைக் கூந்தலவிழ்த்து நடுவில் உட்கார வைத்தார். லயத்திலிருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மின்சாரம் இல்லாத காலம். "பேயின் முகம் தெரியவேண்டும், விளக்கைத் தூக்கிப் பிடி" என்று பூசாரி சொன்னார். அரிக்கேன் விளக்கை அக்காவின் முகத்துக்கு நேரே நான்தான் ஏந்தி நின்றேன். பெரியவர்களுக்கு நடுவே எனக்கும் ஒரு பொறுப்புக் கிடைத்துவிட்ட பெருமை! "நீ யார், பேரைச் சொல்" என்று வேப்பங்குழையால் அடித்தார். பின்பு பிரம்பால் அடித்தார். அக்கா தன் பெயரையே சொன்னாள். திரும்பத் திரும்பத் தன் பெயரையே சொன்னாள். பேய் ஏமாற்றுகிறது என்றார்கள். நான் விளக்கை இறக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்திலிருந்த எங்கள் அப்பாயிக்கு எப்படியோ செய்தி எட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பூசாரியோடு வாதாடவில்லை, ஒருவரையும் ஏசவில்லை. நேரே என்னிடம் வந்து விளக்கை வாங்கினாள். திரியை இறக்கி ஊதி அணைத்துவிட்டாள். இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது. "போதும்யா. எம் புள்ள தூங்கட்டும்." பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாது போகவே கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. மறுநாட் காலை முதல் பஸ்ஸில் அக்காவைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றாள். அது காக்கை வலிப்பு என்று வைத்தியர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் வலிப்பு நின்றது. அக்கா பின்னர் மணம் முடித்தாள். இன்று பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள்.

பல ஆண்டுகள் கழித்து ஒருநாள், அந்த இரவு பற்றி உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். "அடித்தது அவ்வளவாக நினைவில்லை, தம்பி. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதுதான் மறக்கவில்லை. அப்பாயி விளக்கை அணைத்ததும் எனக்குப் பயம் போய்விட்டது" என்றாள். இருட்டைக் கண்டு அஞ்சுவதே மனித இயல்பு என்பார்கள். என் அக்காவோ வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் ஆறுதல் கண்டவள்.

பேய் பிடித்தவர் என்று எண்ணப்பட்ட ஒருவரின் உண்மையான பதிவைக் கேட்க விரும்புவோருக்கு, அதுவும் உலகில் உண்டு. ஜெர்மனியில் அன்னலீஸ் மிக்கேல் என்ற கல்லூரி மாணவி வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். தம்முள் பேய்கள் குடிகொண்டிருப்பதாக அவரும் நம்பினார், வீட்டாரும் நம்பினர். 1975, 1976ஆம் ஆண்டுகளில் 67 தடவை அவருக்குப் பேயோட்டும் சடங்கு நடந்தது. 40க்கு மேற்பட்ட ஒலிநாடாக்களில் அது பதிவாகியிருக்கிறது. அந்த அலறலைப் பக்கத்தில் இருந்து பதிவு செய்ய ஆள் இருந்தது; உணவின்றி மெலிந்துகொண்டே வந்த உடலை வைத்தியரிடம் கொண்டு செல்லத்தான் ஆள் இருக்கவில்லை. 1976 ஜூலை 1ஆம் திகதி, தமது 23ஆவது வயதில், ஏறக்குறைய 30 கிலோ எடையோடு அவர் இறந்தார். பெற்றோரும் இரு பாதிரிமாரும் கவனயீனத்தால் உயிரிழப்பை விளைவித்த குற்றவாளிகள் என 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய கதையைத் தழுவிப் பின்னாளில் படங்களும் வந்தன.

இது தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் நம் நாட்டின் தெல்கொடையில், பேயோட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிக்கப்பட்ட 9 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். செய்தியைப் படித்த அன்று என் கை தானாகவே விளக்கின் கைப்பிடியைத் தேடியது.

அப்படியானால் நம் முன்னோர் செய்தவை யாவும் கொடுமைதானா என்று கேட்கலாம். நான் அவ்வாறு கூறமாட்டேன். கண்டிக் கடைகளில் உல்லாசப் பயணிகளுக்காகத் தொங்கவிடப்பட்டிருக்கும் கோர முகமூடிகளைப் பார்த்திருப்பீர்கள். சிங்கள மக்களின், சிறப்பாகத் தென்கரைப் பகுதியினரின், தொவில் சடங்கோடு தொடர்புடையவை அவை. 18 சன்னிப் பேய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிணி; குருட்டுச் சன்னி, செவிட்டுச் சன்னி, பித்துச் சன்னி என்றெல்லாம் உண்டு. அந்தச் சடங்கிலும் ஊரே கூடி விடிய விடியப் பார்க்கிறது. ஆனால் அங்கே பேய் முதலில் அச்சுறுத்திவிட்டுப் பின்னர் கோமாளியாகிறது. மத்தளக்காரர் அதைக் கேலி செய்கிறார்; கூட்டம் சிரிக்கிறது; புத்தரின் ஆணைக்குப் பணிந்து அது விடைபெறுகிறது. அந்தச் சிரிப்பே நோயாளியைத் தனிமையிலிருந்து மீட்டு மனிதர் நடுவே கொண்டுவருகிறது என்று புரூஸ் கப்பெரர் என்ற மானிடவியலாளர் 1983இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார். வலிப்புக்கு மாத்திரைதான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் கூட்டம் கூடுவதிலும் இரண்டு வகை உண்டு. துன்பப்படுபவரோடு இருப்பதற்காகக் கூடுவது ஒன்று; அவரைப் பார்ப்பதற்காகக் கூடுவது மற்றொன்று. எங்கள் லயத்தில் அன்றிரவு கூடியது இரண்டாவது வகை.

மகளின் கேள்விக்கு விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. இரு வாரங்களின் பின் நான் கற்பிக்கும் கல்லூரி மைதானத்தில் மாணவன் ஒருவன் வலிப்பு வந்து விழுந்தான். நான் ஓடிச் சென்று சேர்வதற்குள் அவனைச் சுற்றி ஒரு வட்டம், வட்டம் முழுவதும் உயர்த்திய கைகள், கைதோறும் தொலைபேசி. மறுநாள் அந்தப் படம் வகுப்புக்குள் கை மாறிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பின்னணியில் யாரோ பேய்போல ஊளையிட்டுச் சிரிப்பதும் அதில் பதிவாகியிருந்தது. எடுத்தவனைத் தனியே அழைத்தேன். கெட்ட பிள்ளை அல்லன்; நன்றாகப் படிப்பவன்.

"ஏன் எடுத்தாய்?" என்றேன்.

"எல்லாரும் எடுத்தார்கள், சேர்."

நான் பேசாதிருந்தேன். சற்று நேரம் தரையைப் பார்த்து நின்றவன் மெல்லச் சொன்னான்: "பயமாக இருந்தது, சேர். தொலைபேசிக்குள்ளால் பார்த்தபோது அவ்வளவு பயமில்லை."

அவனைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. எட்டு வயதில் விளக்கை ஏந்தி நின்றபோது எனக்கும் அப்படித்தானே இருந்தது! கையில் ஒரு கருவி இருந்தால், எதிரே கிடப்பவர் நம் அக்கா என்பதும் நம் தோழன் என்பதும் மறந்து, நாம் வெறும் பார்வையாளராகிவிடுகிறோம். பார்வையாளருக்குப் பொறுப்பில்லை, ஆதலால் பயமும் குறைவு. படத்தில் வரும் அந்த இளைஞனும் இதனால்தான் கமராவைக் கீழே வைக்கவில்லை என்று இப்போது எண்ணுகிறேன்.

மாணவனுக்கு அக்காவின் கதையைச் சொன்னேன். பின்பு வகுப்பு முழுவதற்கும் வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தேன். இங்கும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் சுற்றியுள்ள கல், கதிரை போன்றவற்றை அகற்றுங்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். கழுத்துப் பட்டியைத் தளர்த்துங்கள். உடலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கையில் திறப்புக்கோவை, இரும்பு என்று திணிக்காதீர்கள்; வாய்க்குள் எதையும் இடாதீர்கள். இழுப்புத் தணிந்ததும் ஒருபுறமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த எழுபது பேருள் என் அக்காவும் ஒருத்தி. அவளை அங்கே கொண்டு சேர்த்தது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி ஊதி அணைத்த விளக்கு.

பேய் உண்டா, இல்லையா என்ற வழக்கைப் பெரியோர்கள் பேசித் தீர்க்கட்டும். பேய் பிடித்தவள் என்று பெயர் சூட்டப்பட்ட பெண் ஒருத்தி இருப்பது மட்டும் நிச்சயம். அவள் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் காதில் வாங்க ஒருவர் வேண்டும்.

அன்றிரவு பாதியில் நிறுத்திய படத்தின் மீதியை மகள் வேறொரு நாள் பகலில் பார்த்து முடித்தாள். "பயமாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை, அப்பா. அவன்மேல் கோபந்தான் வந்தது" என்றாள்.