வேனுக்குள் ஓர் இரவு

சின்னப் பிள்ளைகளோடு நுவரெலியா போக நினைக்கும் ஊர்ச் சொந்தங்களுக்காக எழுதுகிறேன்.

போன டிசம்பர் லீவில் பதுளை, வெலிமடை வழியாகப் போனோம். ஹக்கலையில் மூடுபனியைக் கண்டு பிள்ளைகள் துள்ளினார்கள். ரூம் விலை கேட்டதும் எனக்குத்தான் வேர்த்தது. "ஒரு ராவுதானே, வேனிலயே படுப்பம்" என்றேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம் என்று வகுப்பில் படிப்பிக்கிறவனும் நான்தான்!

கண்ணாடிகளை இறுக மூடினோம். நடுச்சாமத்துக்குள் ஐந்து பேரின் மூச்சும் கண்ணாடியில் நீராக வடிந்து போர்வைகளை நனைத்துவிட்டது. மூன்று வயது மகளுக்கு இழுப்புத் தொடங்கியது. சூட்டுக்காக எஞ்சினைப் போட்டுவிட்டு அப்படியே படுக்கலாம் என்றேன். மனைவி என் கையைப் பிடித்தாள். "வேணாம். புகை உள்ளுக்கு வந்தா நாம யாருமே எழும்பமாட்டம்."

அவள் சொன்னது சரி. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய வேனுக்குள் கரிச்சட்டி வைப்பதும் அதே ஆபத்துத்தான்.

கண்ணாடியை இரண்டு விரலளவு இறக்கினோம். பிள்ளையின் ஈர உடுப்பை மாற்றி, பம்ப் அடித்தோம். இழுப்பு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஓதியதுபோல் நான் என்றும் ஓதியதில்லை. சுபஹுக்கு முன் மூச்சு சீரானது, அல்ஹம்துலில்லாஹ்.

காலையில் இஞ்சிப் பிளேன்டீ குடிக்கும்போது மூத்தவன் கேட்டான்: "வாப்பா, இண்டைக்கும் வேன்லயா படுக்கிற?"

"உம்மாட்டக் கேளுங்க மகன்" என்றேன்.

அவள் ஏற்கனவே போனில் ரூம் தேடிக்கொண்டிருந்தாள்.