டிரம்முக்குள் இருக்கும் தூசி

எம்ஜிபி காரின் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மை இழுத்தால், உள்ளே கறுப்பாகத் தூசி படிந்திருக்கும். லைனிங் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்தது. நான் எழுத வந்தது அந்தத் தூசியைப் பற்றித்தான். அதற்குமுன் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் முதியோர் நலத்தில் சமூகப் பணியாளனாக இருக்கிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கணவர் விட்டுப்போன எம்ஜிபி ஒன்று பல வருடமாகக் கொட்டகையில் நின்றது. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட, இரண்டு பேர் போகிற ஸ்போர்ட்ஸ் கார் அது. அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டறைக்குக் கொடுக்காமல் தானே செய்ய வேண்டும் என்பது பிடிவாதம். முழங்கால் மடங்காததால் கீழே படுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் படுத்தேன்.

போனில் இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "இதுக்காடா உன்னைய எம்.ஏ. படிக்க வெச்சேன்?" என்றார். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் முப்பது வருடம் வண்டிக்கு அடியில் கிடந்தவர். எங்கள் காலனியிலிருந்து பட்டறைக்குப் போன பையன்களுக்கு முதலில் கிடைத்தது சக்கரம் கழற்றுவது, டிரம் துடைப்பது. இன்ஜினில் கை வைக்க விட்டது வெகுகாலம் கழித்துத்தான். அந்த கிரீஸ் என் கையில் படக் கூடாது என்பதற்காகவே என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். இங்கே ஒரு டீச்சரம்மா அதே கிரீஸை ஆசைப்பட்டுப் பூசிக்கொள்கிறார் என்று அவருக்குப் புரியவைக்க என் சமூகவியல் போதவில்லை.

பின்பக்கம் அப்பாவின் லாரியைப் போலவேதான். அடுக்கிய பட்டை ஸ்பிரிங், அதோடு கட்டிய ஆக்சில். வித்தியாசம் முன்பக்கத்தில். அங்கே சுருள் ஸ்பிரிங், கிங்பின். கிங்பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். யாராவது ஒழுங்காக கிரீஸ் அடித்திருந்தால் அது சாகாது. இந்தக் காரில் அடிக்கவில்லை. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாலே ஆட்டம் தெரிந்தது. கிங்பின்னை மாற்றுகிற கையோடு நைந்துபோன ரப்பர் புஷ்ஷையும் மாற்றிவிடலாம் என்று ஸ்பிரிங்கையும் கழற்றினோம்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது விளையாட்டு இல்லை. காரின் எடையைத் தாங்கி அமுங்கியிருப்பது அது. பிடிப்பு விட்டால் ஆளை அடித்துவிடும். அடியில் இருக்கும் தட்டின் நான்கு போல்ட்டில் இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீளமான போல்ட் போட்டு, ஜாக்கியைக் கீழே கொடுத்து, நூல் நூலாக இறக்க வேண்டும். அதற்கு முன்னால் காரை ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. டீச்சரம்மா ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டைத் தானே தட்டிப் பார்த்த பிறகுதான் என்னைப் படுக்கவிட்டார். அப்பாவுக்கு அப்படித் தட்டிப் பார்க்க யாரும் இருந்ததில்லை. செங்கல்லும் மரக்கட்டையும்தான் ஸ்டாண்டு.

இடையில் ஒன்று. இந்த நாட்டில் 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை. இன்று எந்த எம்ஜிபிக்கும் வயது நாற்பதுக்கு மேல். ஓட்டத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு சட்டப்படி உரிமையாளருடையதுதான், ஆனால் சோதித்துப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். எதிரே சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு இது தெரியவா போகிறது? எனக்கு இந்தச் சலுகை பிடிக்கவில்லை.

இனி தூசி. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சூட்டைத் தாங்கும், விலை குறைவு. அதன் நுண்ணிய இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் வரலாம், நுரையீரல் இறுகிப் போகலாம். பல பத்தாண்டு கழித்துத்தான் தெரியும். பிரிட்டன் 1999இல் அதை முழுவதும் தடை செய்தது. ஆனாலும் கொட்டகையில் நின்ற வண்டியில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறதோ! அதனால் நாங்கள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டோம். தூசியைப் பிடிக்கிற முகக்கவசம், கையுறை, டிரம்மைச் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைப்பது, ஈரத்துணியால் துடைப்பது, துணியை இரண்டு பைக்குள் கட்டி எழுதி வைப்பது. காற்றடித்து ஊதவே கூடாது.

நீங்கள் எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "ஏர் பைப்பத் தெறந்து ஒரே ஊது. பளிச்சுனு ஆயிடும். கைக்கு எட்டாத மூலைல வாயால ஊதுவோம்" என்றார். முப்பது வருடம். இருமலுக்காகப் பார்த்த டாக்டர்கள் யாரும் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பீடி உண்டா, குடி உண்டா என்பதோடு முடிந்துவிட்டது.

வருடத்துக்கு நாலு நாள் ஓடப்போகிற காரின் நாலு சக்கரத்துக்கு இவ்வளவு ஏற்பாடு. தினமும் டிரம் கழற்றும் பதினேழு வயதுப் பையனுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இன்னும் வரவில்லை. தடை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையும் இல்லை. சோப்புத் தண்ணீரும் பழைய துணியும் எந்தப் பட்டறையிலும் இருக்கிறது. மலக்குழியில் இறங்கியவர் அங்கேயே செத்தால் செய்தியாவது வருகிறது. முப்பது வருடம் கழித்துக் கட்டிலில் மூச்சுத் திணறுகிறவனை நம் இயக்கங்களே தொழிலாளியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

எம்ஜிபிக்குப் புது ஷூ, புது பேட், புது ஹோஸ் எல்லாம் போட்டாகிவிட்டது. பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தோம். பெடல் கல் மாதிரி நிற்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும் பாக்கி.

சித்தப்பா மகன் இன்றும் ஊரில் பட்டறையில்தான் இருக்கிறான். நனைத்துத் துடைக்கும் முறையை வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது: "பண்ணிப் பாத்தேண்ணே. தண்ணி காயறதுக்குள்ள ரெண்டு வீல் முடிச்சிருக்கலாமேன்னு மொதலாளி கேக்கறாரு. நான் என்னண்ணே சொல்றது?"