தூக்குப்போசியைத் திறந்து பார்ப்பவள்

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். காலையில் பிரசவ வார்டுக்கோ அறுவைசிகிச்சை வார்டுக்கோ போனால், கட்டிலில் தொங்கும் அட்டையைப் படிப்பதற்கு முன்னால் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் தூக்குப்போசியைத் திறந்து காட்டச் சொல்வேன். பெரும்பாலும் உள்ளே ரசஞ்சோறு இருக்கும். இல்லாவிட்டால் அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி. எடப்பாடியிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து அதைச் சுமந்து வந்தவர் நோயாளியின் அம்மாவாகவோ மாமியாராகவோ இருப்பார். படிக்க வேண்டிய சீட்டு எனக்கு அந்தப் போசிதான். அதற்குள் போகாத எந்த ஆலோசனையும் நோயாளியின் வயிற்றுக்குள் போகாது.

ஜவ்வரிசி எங்கள் மண்ணின் பண்டம். ஆத்தூர்ப் பக்கமும் ராசிபுரத்துப் பக்கமும் குச்சிக்கிழங்குக் காடுகள், அதை அரைத்து மாவெடுக்கும் சேகோ ஆலைகள், அந்த ஆலைக்காரர்களுக்காக 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு என்று ஊரே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, ஆபரேஷனா, முதலில் அடுப்பில் ஏறுவது ஜவ்வரிசிக் கஞ்சி. முதல் நாளுக்கு அது நல்ல உணவு. வழுக்கிக்கொண்டு இறங்கும், சீக்கிரம் செரிக்கும், தெம்பு வரும். ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. நூறு கிராம் ஜவ்வரிசியில் புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. ஐந்தாம் நாளும் அதே கஞ்சி வரும்போதுதான் எனக்குக் கவலை பிடிக்கிறது. தையல் போட்ட தசையை உடம்பு புரதத்தைக் கொண்டுதான் கட்டுகிறது. சாப்பாட்டில் வரவில்லை என்றால் கை கால் சதையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போன பிறகு பல பெண்கள் சொல்லும் "நடந்தா காலு நடுங்குதுங்க" என்பதில் பாதி இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதற்கு மேல் 22 கிராம். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் மேற்கொண்டு 17 கிராம், அதோடு 600 கலோரி. மூன்று வேளையும் ரசஞ்சோறு சாப்பிட்டால் இருபது கிராமைச் சுற்றித்தான் வரும்.

பற்றாக்குறையை அடைக்கும் பொருள் எங்கோ தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டு முட்டையில் பெரும்பங்கு நாமக்கல் பண்ணைகளில்தான் விளைகிறது. கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. அந்தப் பண்ணைகளிலேயே வேலை பார்க்கும் பெண்கள், சிசேரியன் ஆகிப் படுத்திருக்கும்போது முட்டையைத் தொடுவதில்லை.

"முட்டை குடுத்தா தையல் சீழ் வச்சுக்குமுங்க அம்மணி. எங்க ஆயா காலத்துல இருந்து குடுக்கறதில்ல."

இதைச் சொல்பவர் தன் மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நல்ல மருந்தும் சுத்தமான கட்டும் இல்லாத காலத்தில் புண் சீழ்பிடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். காரணம் தேடியவர்கள் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழியைப் போட்டார்கள். சீழ் வருவது கிருமியால். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் வரும், கட்டு நனைந்து கிடந்தால் வரும், உடம்பில் எதிர்த்து நிற்கச் சத்து இல்லாவிட்டாலும் வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. அதை விலக்கினால் புண்ணுக்குத்தான் நஷ்டம்.

இதையெல்லாம் கட்டில் பக்கத்தில் நின்று பாடமாக எடுத்தால் எடுபடாது. தலையை ஆட்டுவார்கள், மறுநாளும் ரசஞ்சோறே வரும். என் தொழிலில் நான் நம்பும் வழி ஒன்று உண்டு. வந்திருக்கும் போசியை விலக்காமல் அதற்குள்ளேயே சேர்ப்பது. "கஞ்சி நல்லாத்தான் வச்சிருக்கீங்க. நாளைக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை வறுத்துப் போட்டுக் குழைய விட்டுக் கொண்டாங்க" என்றால் மறுப்பு வராது. பாசிப்பருப்பு பத்தியத்துக்கு உள்ளே இருக்கும் பொருள். அடுத்த நாள் அரிசிம்பருப்புச் சோறு, பூண்டும் சீரகமும் கூடப் போட்டு, காரம் குறைத்து. எங்கள் பக்கத்தில் அதைச் சமைக்கத் தெரியாத வீடு கிடையாது. அதற்கப்புறம்தான் முட்டைப் பேச்சு. மிளகு ரசம் கொதிக்கும்போது முட்டையை அடித்து ஊற்றி, நன்றாக வெந்த பிறகு இறக்கச் சொல்வேன். மிளகு ரசம் என்பதால் பத்தியமும் நிற்கிறது.

பிரசவித்தவளுக்குப் பூண்டுக் குழம்பு, சுண்டைக்காய் வற்றல், மிளகு, லேகியம் என்று கொடுக்கும் பத்தியத்தை நான் குறை சொல்வதே இல்லை. வாய்க்கு ருசியைத் திரும்பக் கொண்டுவரும் சமையல் அது. பசியில்லாதவளைச் சாப்பிட வைப்பதுதான் முதல் வேலை, அதை இந்தக் குழம்பு செய்கிறது. ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மணிக்கணக்கில் கொதித்தாலும் எலும்பின் சுண்ணாம்பு தண்ணீரில் அவ்வளவாக இறங்குவதில்லை. சூப்பைக் குடிக்கட்டும், கூடவே கறியையும் தின்ன வேண்டும். சூப்பு நோயாளிக்கு, கறி வீட்டு ஆண்களுக்கு என்று பிரிவது பல வீடுகளில் நடக்கிறது.

தண்ணீர்தான் என்னை அதிகம் வருத்தும் விஷயம். வயிறு ஊதும், தொப்பை போடும் என்று பிள்ளை பெற்றவளுக்கு அரை டம்ளர் அரை டம்ளராக அளந்து கொடுப்பார்கள். சித்திரை வெயிலில், பால் கொடுக்கும் உடம்புக்கு! தாகத்தோடு மலச்சிக்கலும் சேர்ந்தால் தையல் போட்ட வயிறு படும் பாடு கொஞ்சமில்லை. வெந்நீரென்றால் மாமியார்கள் மறுப்பதில்லை என்பதால் சீரகம் போட்ட வெந்நீரைப் பிளாஸ்கில் நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

கர்ப்ப காலத்தில் கதையே வேறு. குழந்தை பெருத்தால் ஆபரேஷன் ஆகிவிடும் என்று ஏழாம் மாதத்துக்கு மேல் சோற்றைக் குறைக்கிறவர்கள் ஒரு பக்கம். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று திணிக்கிறவர்கள் மறுபக்கம். கூடுதலாக வேண்டியது நாளைக்கு 350 கலோரிதான். நிலக்கடலை உருண்டை ஒன்று, ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, அவ்வளவுதான். கர்ப்பிணிக்குத் தாய்வீட்டார் வைக்கும் கட்டுச்சோறு விருந்தில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாக வருவதெல்லாம் அரிசியே. கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவளுக்கு அந்த நாள் கஷ்டம். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா நாடெங்கும் பரவச் செய்தார். 140ஐத் தொட்டால் சர்க்கரை. அப்படிப்பட்டவளுக்குக் கட்டுச்சோற்றில் கைப்பிடி போதும், இலையை நிறைக்கக் கொண்டைக்கடலைச் சுண்டலும் பொரியலும் செய்யுங்கள் என்று தாய்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். விருந்து கெடாது.

இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாதவள் யாருமில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு. குமாரபாளையத்து விசைத்தறிக் கூடங்களில் டீ ஓயாது. மாத்திரையை டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அதே கதி, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. கறுப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.

பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் நேரடியாகவே வேண்டாம் என்கிறேன். கர்ப்பிணிக்குக் கிருமித் தொற்று ஆபத்து. போதாததற்குப் பச்சை முட்டையின் புரதத்தில் பாதிதான் செரிக்கும், வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் மேலே சொன்ன புரதக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு அளவை மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்கிறேன்.

வார்டில் இருக்கும்வரை போசியைத் திறந்து பார்க்க நான் இருக்கிறேன். வீட்டில் அவள் கடைசியாகச் சாப்பிடுகிறவள். அங்கன்வாடியில் வாங்கிவந்த சத்துமாவு மூத்த பிள்ளைக்கும் மாமனாருக்கும் உருண்டையாகப் போய்விடும். அதனால் டிஸ்சார்ஜ் அன்று கணவரையும் உட்காரவைத்துப் பேசுகிறேன். தறிக்குப் போகிறவரோ லாரி ஓட்டுகிறவரோ, யாராக இருந்தாலும் அவரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஆறு மாதத்துக்கு உங்கள் தட்டோடு அவள் தட்டையும் போடச் சொல்லுங்கள், இரண்டிலும் ஒரே சாப்பாடு இருக்கட்டும். சிலர் கூச்சத்தோடு சிரிப்பார்கள். சிலர் "சரிங்க" என்று சொல்லி, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பில் கட்டும் வரிசைக்குப் போவார்கள்.