காற்றோடு போகும் தீ

தென்னாப்பிரிக்காவின் சவன்னா மேய்ச்சல் நிலங்களில் நாங்கள் தீ வைப்பது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக. மாடு தொடாமல் விட்ட பழம்புல்லை அகற்றித் தளிருக்கு வெளிச்சம் விடலாம். அல்லது புல்வெளியை அடைத்துக்கொண்டு வரும் முட்புதரை அடக்கலாம். இரண்டில் எது என்று முடிவாகாமல் தீ வைக்கும் டார்ச்சைக் கையில் எடுப்பதில்லை.

பழம்புல் மட்டும் போக வேண்டுமென்றால் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலும் உள்ள நாள் போதும். புதருக்கு 25 டிகிரிக்கு மேல் வெயில், 30 சதவீதத்துக்குக் குறைந்த ஈரம், ஹெக்டேருக்கு 4,000 கிலோவாவது காய்ந்த புல் வேண்டும். காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை.

புதிதாக வருகிறவர்கள் காற்றோடு ஓடும் தீயைக் கண்டு மிரள்வார்கள்; காற்றை எதிர்த்துத் தவழும் தீயைச் சாது என்று நம்புவார்கள். புல்லுக்கு விஷயம் நேர்மாறு. ஓடும் தீ தரையைச் சட்டென்று கடந்துவிடும். அதன் சூடு மேலே புதரின் கிளைகளுக்குப் போகும். தவழும் தீயோ புல்லின் தூரிலேயே தங்கி அதை வேகவைக்கும். கிழக்கு கேப் பகுதியில் தீ ஆய்வாளர் வின்ஸ்டன் டிரோலோப் அளந்து காட்டியதும் இதைத்தான். ஆகவே எதிர்காற்றுத் தீயை எல்லையோரத்தில் காப்புப்பட்டை கருக்க மட்டும் வைத்துக்கொள்கிறோம். பட்டை அகலமானதும் உள்ளே காற்றோடு விடுகிறோம்.

நாள்காட்டியை நம்பி எரிப்பதும் பலிக்காது. குரூகர் தேசியப் பூங்காவில் 1957 முதல் பல ஆண்டுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டம் கட்டமாக எரித்தார்கள். 1992இல் பொறுப்பை மின்னலிடம் விட்டுப் பார்த்தார்கள். மனிதர் வைத்த தீயே அதிகப் பரப்பைத் தின்றதால் அதுவும் நிலைக்கவில்லை. இப்போதோ, பெய்த மழையையும் நிற்கும் புல்லையும் பார்த்துத்தான் எரிக்கிறார்கள்.

எரித்த பிறகுதான் பெரிய ஆபத்து. தளிர் தலைகாட்டியதும் மந்தை முழுக்க அங்கேயே குவியும். புல் தன் சேமிப்பைச் செலவழித்து விட்ட அந்தத் தளிரைத் திரும்பத் திரும்பக் கடித்தால் தூர் செத்துப்போகும். பழி தீயின் மேல் விழும். பூங்காவில் எரிக்கும் பரப்பைப் பெரிதாக்கினால் வாய்கள் சிதறும். பண்ணையில் அதற்கு இடமில்லை, வேலிதான் கதி. அதனால் பண்ணைக்காரரிடம் காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, புல் தேறும்வரை மாட்டை வேறெங்கே மேய்ப்பீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் நான் பற்றவைப்பதில்லை.