மண் சுமந்த நோயும் நாய் சுமந்த பழியும்

தம்பலகாமத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதலிற் கூறுவது அதன் வயல்களையே. கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து பாயும் பூமி இது. ஆதிகோணநாயகர் கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. குளத்தையும் கோயிலையும் வயலையும் குளக்கோட்டன் என்ற ஒரே பெயரோடு இணைத்துப் பேசுவது நமது மரபு. பெரும்போக காலத்தில் வரம்பின் மேல் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எல்லை தெரியாத பசுமை விரியும். கவிஞர்கள் இப்பசுமையைப் பாடியிருக்கிறார்கள்; இனியும் பாடுவார்கள். ஆனால் அப்பசுமையின் அடியிலே, முழங்காலளவு சேற்றிலே, வெறுங்காலோடு நிற்கும் மனிதனுடைய குதிகால் வெடிப்பைப் பற்றி எவரும் பாடியதில்லை. இக்கட்டுரை அந்த வெடிப்பைப் பற்றியது.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் மாரி காலமொன்றில் அடிக்கடி பாடசாலைக்கு வராமல் நின்றான். விசாரித்தபோது தகப்பனாருக்குக் காய்ச்சல் என்றார்கள். அவர் பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செய்பவர். சீனி வருத்தம் பல ஆண்டுகளாக உண்டு. விதைப்புக்கு வயல் பண்படுத்திய நாட்களில் தொடங்கிய காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது; இருமல் வந்தது; உடல் கரைந்தது. ஒரு வைத்தியசாலையிலே நுரையீரற் படத்தைப் பார்த்துக் கசநோய் என்று கருதி மருந்து கொடுத்தார்கள். மாதங்கள் சென்றன, குணம் இல்லை. பின்னர் தொடையிலே கட்டி எழுந்தது. வேறொரு வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர் அக்கட்டியின் சீழை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: மெலியோய்டோசிஸ்.

அவர் உயிர் தப்பினார். ஆனால் ஒரு போகம் போயிற்று; குத்தகைக் காணி கைமாறிற்று; மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். இவற்றோடு இன்னொன்றும் போயிற்று. அவ்வீட்டு நாய். வயற்காவலுக்குத் தகப்பனாரோடு செல்லும் நாய் அது. அதே மாரியில் அதன் கழுத்திலும் ஒரு கட்டி தோன்றிச் சீழ் வடிந்தது. நாயினாலேதான் மனிதனுக்கு வந்தது என்று அயலார் தீர்ப்புச் சொன்னார்கள். உறவினர் ஒருவர் அதை வேலியோரத்திற்கு இழுத்துச் சென்று உலக்கையால் அடித்துக் கொன்றார்.

சில கிழமைகளின் பின் அந்த மாணவன் என்னிடம் கேட்டான்: “சேர், நாய்தான் அப்பாவுக்குக் கொடுத்ததா?”

நான் தமிழ் படித்தவன்; மருத்துவம் படித்தவனல்லன். ஆயினும் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடுவது ஆசிரியனின் கடமை. தேடியதில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்நோயை உண்டாக்குவது பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்னும் பாக்டீரியா. அதன் இருப்பிடம் மனிதனுமல்ல, மிருகமுமல்ல. ஈர மண்ணும் தேங்கிய நீருமே. கோடையில் மண்ணின் ஆழத்திலே கிடக்கும். மழை பெய்து நிலம் ஊறியதும் மேலே வரும். வெட்டுக்காயம், முள் குத்திய புண், குதிகால் வெடிப்பு ஆகியவற்றின் வழியாக உடலுள் நுழையும். புயலும் பெருமழையும் அடிக்கும் வேளையில் மூச்சின் வழியாகவும், சுத்திகரிக்கப்படாத நீரின் வழியாகவும் புகும். சிலரிடம் சில நாட்களிலேயே இரத்தம் நஞ்சாகிவிடும். சிலரிடம் மாதக்கணக்கில் இருமலாகவும் மெலிவாகவும் நின்று கசநோயின் வேடம் போடும். சிலரிடம் ஈரலிலும் மண்ணீரலிலும் மூட்டுகளிலும் கட்டியாக இருக்கும். பல வேடம் தரிக்கும் நோய் என்று மருத்துவர்கள் இதனைச் சொல்வது இதனாலேயே.

இதன் வரலாற்றைப் படிக்கும்போது என் மனம் இரங்கூனில் நின்றுவிட்டது. 1911ஆம் ஆண்டிலே இரங்கூன் பொது வைத்தியசாலையின் பிணப் பரிசோதனை அறையில் இந்நோயை முதன்முதலிற் கண்டவர்கள் இருவர். ஒருவர் அல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கிலேயர். மற்றவர் அவருடைய உதவியாளரான சி. எஸ். கிருஷ்ணசாமி. 1912இல் இருவர் பெயராலும் அந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்தது. பின்னர் உலகம் இதனை விட்மோர் நோய் என்று அழைத்தது. கிருஷ்ணசாமி மறைந்து போனார். அவர்கள் அறுத்துப் பார்த்த உடல்கள் யாருடையவை? நகரத் தெருக்களிலே கிடந்து மடிந்த வறியவர்களுடையவை. மோர்பியா ஊசிக்கு அடிமையாகிய அனாதைகளுடையவை. உரிமை கோர எவருமில்லாத பிணங்களின் மூலமே மருத்துவ உலகம் இதை அறிந்து கொண்டது.

இலங்கைக்கு வருவோம். இங்கே 1927இல் இந்நோய் முதலில் எழுத்தில் பதிவாயிற்று. நோயாளி ஓர் ஐரோப்பியர். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இந்நோய் இங்கு மிக அரிது என்றே எண்ணப்பட்டு வந்தது. அக்காலமெல்லாம் நமது கமக்காரர் எவர் காலிலும் புண் இல்லையா? சேறு இல்லையா? இருந்தன, பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. இந்த நூற்றாண்டில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் எனோகா கொரயாவும் அவருடன் உழைத்தோரும் நாட்டின் வைத்தியசாலைகளுக்குச் சொல்லி வைத்துத் தேடத் தொடங்கினார்கள். தேடிய இடமெல்லாம் நோய் இருந்தது, கிழக்கிலும் இருந்தது. கிருமியின் மரபணுவை ஆராய்ந்தபோது ஒரு வகையல்ல, பல வகைகள் தெரிந்தன. நேற்றுக் கப்பலேறி வந்த கிருமிக்கு இத்தனை கிளைகள் இரா. நெடுங்காலமாக அது நம்மோடு இருந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

“புதிதாகத் தோன்றும் தொற்றுநோய்கள்” என்று அறிஞர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் மெலியோய்டோசிசும் உண்டு. உண்மையில் இது புதிதாகத் தோன்றியதன்று. புதிதாகக் கண்ணிற் பட்டது. ஏழையின் நோய் கண்ணிற் படுவதற்கு எப்போதும் காலம் பிடிக்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 165,000 பேருக்கு இந்நோய் வருகிறது என்றும் 89,000 பேர் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. இவர்களிற் பெரும்பாலோர் தம் நோயின் பெயரை அறியாமலே இறக்கிறார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகளின் பின் இந்நோய் வெளிப்பட்டதாக மருத்துவ ஏடு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அத்தனை காலம் உடலிலே உறங்கிக் கிடந்து எழக்கூடிய கிருமி இது. அதைப் படித்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை நினைத்தேன். அவர்களுடைய இரத்தத்தை எந்தக் கூடம் சோதித்தது?

எல்லார் காலிலும் சேறு படுகிறது. எல்லாருக்கும் நோய் வருவதில்லை. நல்ல உடல் வலிமை உள்ளவனிடம் கிருமி பெரும்பாலும் தோற்றுவிடும். நீரிழிவு உள்ளவர், சிறுநீரகம் பழுதுபட்டவர், மதுவினால் ஈரல் கெட்டவர், தலசீமியா உள்ளவர் ஆகியோரிடமே அது வெல்கிறது. எல்லாவற்றிலும் முதன்மையானது நீரிழிவு. நீரிழிவோடு வாழ்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிடப் பன்னிரண்டு மடங்கு அதிகம் என்கிறார்கள். நமது வட்டைகளில் வேலை செய்யும் நடுத்தர வயதினருள் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? திருகோணமலை மாவட்டத்தின் உட்பகுதிகளிலே சிறுநீரக நோயும் கமக்காரரை வாட்டுகிறது. கிருமி பழையது, அதற்கு இரையாகக்கூடிய உடல்கள் பெருகியதே புதியது.

இனி அந்த நாயின் வழக்குக்கு வருகிறேன். இக்கிருமி மிருகங்களையும் விடுவதில்லை. ஆடும் செம்மறியும் பன்றியும் எளிதில் இரையாகின்றன. நாய்க்கும் பூனைக்கும்கூட வருகிறது. ஆனால் மிருகத்திடமிருந்து மனிதனுக்குத் தொற்றுவது மிக மிக அரிது. மடியில் நோயுற்ற ஆட்டின் பாலைக் காய்ச்சாமற் குடிப்பது போன்ற சில வழிகளே சொல்லப்படுகின்றன. மனிதனும் மிருகமும் ஒருவருக்கொருவர் நோயைக் கொடுத்துக் கொள்வதில்லை. இருவரும் ஒரே சேற்றிலிருந்து பெற்றுக் கொள்கிறார்கள்.

இதை விளக்கும் நிகழ்ச்சியொன்று 2021இல் அமெரிக்காவில் நடந்தது. கன்சாஸ், மினசோட்டா, டெக்சாஸ், ஜோர்ஜியா ஆகிய நான்கு மாநிலங்களிலே, வெளிநாடு செல்லாத நான்கு பேருக்கு இந்நோய் கண்டது. இருவர் இறந்தனர், அவர்களுள் ஒருவர் குழந்தை. தேடித் தேடிப் பார்த்ததில், இந்தியாவில் செய்யப்பட்டு அங்கே விற்கப்பட்ட வாசனைத் தெளிப்புப் போத்தலிலே கிருமி இருந்தது தெரிய வந்தது. டெக்சாசிலே அந்தக் குடும்பம் வளர்த்த ரக்கூன் என்னும் பிராணி, உடைந்த போத்தலிலிருந்து சிந்திய நீரில் நடந்ததாம். பின்னர் அதுவும் நோயுற்று மடிந்தது. அந்தப் பிராணி எவருக்கும் நோய் கொடுக்கவில்லை. உடைந்த போத்தலில் ஆபத்து இருக்கிறது என்று தன் சாவினாற் சாட்சி சொன்னது. வளர்ப்புப் பிராணி அப்படிப்பட்ட சாட்சி. தம்பலகாமத்திலே நாம் சாட்சியை உலக்கையால் அடித்தோம். அந்த நாய்க்கு உண்மையில் என்ன நோய் என்பதை எவரும் சோதிக்கவில்லை. ஆகையால் நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சோதிக்காமலே தண்டித்தோம் என்பதை மட்டும் சொல்வேன்.

நாய் முற்றிலும் குற்றமற்றது என்று நான் வாதாடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். விசர்நாய்க்கடி உயிர் குடிக்கும். நாய்க்குத் தடுப்பூசி போடுவதும், கடிபட்டவர் உடனே வைத்தியசாலைக்குச் செல்வதும் கட்டாயம். ஒவ்வொரு நோய்க்கும் அதன் வழியை அறிந்து பூட்டுப் போட வேண்டும் என்பதே என் வாதம். பிழையான கதவைப் பூட்டினால் திருடன் சிரிப்பான்.

தகப்பனாரைப் பார்க்கச் சென்று இதையெல்லாம் விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மண்ணில கிடந்ததா மாஸ்டர்? நான் பொறந்த நாளில இருந்து அதிலதானே நிக்கிறன்” என்றார். நாயைக் குற்றவாளியாக்குவது எளிது. சோறு போட்ட மண்ணைக் குற்றவாளியாக்க மனம் வருமா? உண்மையில் மண்ணும் குற்றவாளியன்று. வெறுங்காலும், கவனியாத புண்ணும், கட்டுப்படாத சீனியும், காலம் கடந்த பரிசோதனையும் கூடிச் செய்த குற்றம் இது. இவை நான்கும் வறுமையின் பிள்ளைகள்.

மருந்து இல்லாத நோயன்று. ஆனால் பென்சிலினுக்கும் ஜென்டமைசினுக்கும் இக்கிருமி பணியாது. செப்டசிடைம், மெரோபெனம் போன்ற மருந்துகளைக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் நரம்பிலே ஏற்ற வேண்டும். பின்னர் குறைந்தது மூன்று மாதங்கள் கோட்ரைமொக்சசோல் குளிசை விழுங்க வேண்டும். இடையில் நிறுத்தினால் மீண்டும் வரும். விரைவிற் கண்டறிந்து மருத்துவம் செய்யும் வட அவுஸ்திரேலியாவில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவிலேயே இறக்கிறார்கள். வசதி குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 40 பேர் வரை இறக்கிறார்கள். கிருமி ஒன்றே, மருந்தும் ஒன்றே. இடையிலுள்ள முப்பது உயிர்களும் சமுதாய அமைப்பின் கணக்கிலே எழுதப்பட வேண்டியவை.

இந்தப் பாடத்தை வகுப்பிலும் பேசினேன். நோயின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பின்வாங்கிலிருந்த ஒருவன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “மெலியோர் நோயா, சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒலி ஒற்றுமை தற்செயலானது. மொழியியல் இதனை ஒப்பாது. ஆனால் பொருள்? இரங்கூன் தெருவில் மடிந்தவன் மெலியோன். சீனி வருத்தத்தோடு சேற்றில் இறங்குபவன் மெலியோன். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவர் இட முடியும்?

பெயர் சிறிய விஷயமன்று. எலிக்காய்ச்சல் என்றால் நமது ஊரில் எல்லாருக்கும் விளங்கும். 2008இல் அது நாடெங்கும் பரவி 7,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்த பின், வயலில் இறங்குமுன் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்வதும் கமக்காரருக்குப் பழகிய காரியங்களாயின. மெலியோர் நோய்க்கு மக்கள் வாயில் பெயரில்லை; பெயரில்லாத நோய்க்கு அச்சமும் இல்லை, ஆயத்தமும் இல்லை.

ஆகவே சில கோரிக்கைகள். நீரிழிவு கிளினிக்கிலே சீனியின் அளவைப் பார்ப்பதோடு, “வயலில் இறங்குவீர்களா? காலில் புண் உண்டா?” என்றும் கேட்க வேண்டும். மாரி காலத்தில் நீடித்த காய்ச்சலோடு வரும் கமக்காரரின் இரத்தத்தையும் சீழையும் வளர்த்துப் பார்க்கும் வசதி மாவட்டந்தோறும் தேவை. தட்டிலே வளர்ந்த கிருமியை வெறும் அழுக்கு என்று எறிந்துவிடாத பயிற்சி தேவை. மிருக வைத்தியரும் மனித வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும். ஆட்டின் கட்டியும் நாயின் கட்டியும் அக்கிராமத்தின் மண்ணைப் பற்றிய தகவல்களாகும். முழங்கால் சப்பாத்து அணியுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. ஆழச் சேற்றிலே சப்பாத்து புதைந்து கொள்ளும் என்பதையும், அதன் விலை ஒரு நாட்கூலியை விழுங்கும் என்பதையும் அறிந்தவர்கள் கமக்காரர்கள். சேற்றுக்கு ஏற்ற காலணியைச் செய்து, பசளை மானியம் போல அதையும் வழங்கினால் என்ன?

நாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. புண்ணை நீர் புகாமற் கட்டிக்கொண்டு இறங்கலாம். கரையேறியதும் நல்ல நீரிற் சவர்க்காரமிட்டுக் காலைக் கழுவலாம். நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். களை பிடுங்கும் பெண்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அவர்கள் கைகளும் கால்களும் அதே சேற்றில்தான் நாள் முழுவதும் கிடக்கின்றன.

உழவனின் உழைப்பைத் தெய்வம் என்று மேடையிற் போற்றுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தெய்வத்தின் காலைக் கழுவிப் பூசிப்பவர்கள் நாம். உழவனின் காலையும் ஒருமுறை குனிந்து பார்ப்போமாக. அங்கே வெடிப்பு இருக்கிறது.