ஒரு கார்டு போதும்!

கதை எழுத வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா? அப்படியானால் வழவழப்பான தாளும் புதுப் பேனாவும் வாங்கி வைத்துக்கொண்டு, தாமிரபரணிக் காற்று வீசும் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கற்பனை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காற்று வரும்; கூடவே தூக்கமும் வரும். கதை வராது!

வேறு வழி சொல்கிறேன். தபால் ஆபீசுக்குப் போய்ப் பத்துக் கார்டு வாங்கி வாருங்கள். இது நானாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. திருநெல்வேலிச் சீமையின் அனுபவம்.

ராஜவல்லிபுரத்துக்காரர் வல்லிக்கண்ணன். புதுக்கவிதையின் வரலாற்றை எழுதி 1978-ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றவர். அவரிடம் பெருமதிப்பு வைத்திருந்தவர் தி. க. சிவசங்கரன். தி.க.சி. என்றால்தான் பலருக்குத் தெரியும். சென்னையில் ‘தாமரை’ இதழைக் கவனித்துவிட்டுப் பிற்காலத்தில் திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் கோயில் தெருவுக்குத் திரும்பியவர். 2000-ல் அந்தப் பரிசு அவருக்கும் கிடைத்தது. ஆனால் பரிசைவிடப் பெரிய சொத்து ஒன்று இருவரிடமும் இருந்தது. அதுதான் கார்டு எழுதும் பழக்கம்! எங்கோ ஒரு சிறு பத்திரிகையில் முகம் தெரியாத இளைஞனின் கதை வந்திருக்கும். அதைப் படித்து, மனத்தில் பட்டதை நாலு வரி எழுதித் தபாலில் சேர்த்துவிடுவார்கள்.

எழுதத் தொடங்கியவர்கள் பலர் பாதியில் நிறுத்துவது திறமை இல்லாமல் அல்ல. யாராவது படித்தார்களா என்றே தெரியாத மௌனம் இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல்தான். அந்த மௌனத்தை ஒரு கார்டு உடைத்துவிடும்.

‘சரி, கார்டு எழுதுகிற எனக்கு என்ன லாபம்?’ என்கிறீர்களா?

கார்டு எழுத வேண்டும் என்றால் கதையைக் கவனமாகப் படித்தாக வேண்டும். எந்த இடத்தில் மனம் ஒன்றியது, எங்கே சலித்தது என்று யோசித்தாக வேண்டும். யோசித்ததை அந்தச் சிறிய இடத்துக்குள் அடக்க வேண்டும். இடம் தீர்ந்ததும் வளவளப்பு தானாக நின்றுவிடும். முக்கியமாக, எதிரே ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைவோடு எழுதுவீர்கள். பத்திரிகை ஆபீசில் கதைக் கட்டுகளைப் பிரித்துப் படிக்கிற நான் சொல்கிறேன்: திரும்பிப் போகும் கதைகள் பலவற்றில் இல்லாதது அந்த நினைவுதான்.

கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்று ஒரு கிராமம். அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923-ல் அங்கே பிறந்த சிநேகிதர்கள். அழகிரிசாமி வெளியூர் போனதும் சிநேகிதம் கடிதங்களில் தொடர்ந்தது. கி.ரா.வின் ‘மாயமான்’ கதை 1958-ல் ‘சரஸ்வதி’யில் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. ஊரறியப் பேர் வாங்கிக் கொடுத்தது கதை. அதற்கு முன்பே கைக்குப் பழக்கம் கொடுத்தது கடிதம்.

கைப்பேசியில் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். அதில் விரல்தான் வேலை செய்கிறது. மனம் சும்மா இருக்கிறது.

இன்று இரவு ஒரு கதை படியுங்கள். தூங்குமுன் அதை எழுதியவருக்கு ஒரு கார்டு எழுதுங்கள். பொய்ப் புகழ்ச்சி வேண்டாம், குத்தலும் வேண்டாம். காலையில் மறக்காமல் தபால் பெட்டியில் போடுங்கள். நாளைக்கு இன்னொன்று. நூறு கார்டு எழுதி முடித்த பிறகு உங்கள் கதையை எழுத உட்காருங்கள். பதில் ஒன்றுகூட வராமல் போனாலும் நஷ்டமில்லை. தினம் எழுதுகிற கை ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கும். எங்கோ ஓர் ஊரில், பேனாவை மூடி வைக்க இருந்த ஒருவர் அதை மறுபடி திறந்திருப்பார்.