பன்னிரண்டில் ஒரு பங்கு கிணறு

மாரி ஓய்ந்து பங்குனி வெயில் ஏறியதும் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு சாமான்கள் காயும். ஒன்று மிளகாய், மற்றது காணி உறுதிகள். மிளகாய்க்குக் கோழி கலைக்க ஒரு தடி போதும். உறுதிகளுக்குக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தக் காவல் எனக்கு.

மல்லாகத்தில் எங்கள் வீடு. ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். பாட்டா மலாயாவில் ரயில்வே உத்தியோகம் முடித்துத் திரும்பியபோது கொண்டுவந்த இரும்பு றங்குப்பெட்டிதான் உறுதிப்பெட்டி. மூடியில் அவருடைய முதலெழுத்துகளும் தைப்பிங் என்ற ஊர்ப்பெயரும் வெள்ளை மையில் இருந்தன. பெட்டி அவருடையது, திறப்பு மட்டும் ஆச்சியின் சேலைத் தலைப்பில். உள்ளே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டிருப்பார். பாயை விரித்து ஒவ்வோர் உறுதியாக எடுத்து வைத்து, மேலே உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் பாரமாக வைப்போம்.

ஆச்சிக்கு அச்செழுத்து வாசிக்க வரும், நொத்தாரிசுமாரின் கூட்டெழுத்து வராது. அம்மாவுக்கு அது வரும், பொறுமை வராது. ஆகவே மூன்றாம் வகுப்பிலிருந்தே வாசிக்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது. ஆச்சிக்கு எல்லாம் மனப்பாடம். நான் ஓர் எல்லையை விட்டுவிட்டால், வெற்றிலை இடித்துக்கொண்டே, "மேற்கை விட்டிட்டாய் மோனை" என்பார்.

உறுதிகள் எல்லாம் ஒரே விதமாகத்தான் தொடங்கும். யாழ்ப்பாணப் பகுதி, வலிகாமம், மல்லாகம் கோயிற்பற்று, அதற்குள் இந்த இறை, அதற்குள் இந்தப் பெயர் கொண்ட காணி. கோயிற்பற்று என்றதும் நான் எங்கள் பிள்ளையார் கோயிலைத்தான் நினைத்தேன். அது பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், வகுத்த மாதாகோயில் பற்று. 1658-ல் பறங்கியர் போனார்கள், 1795-ல் ஒல்லாந்தர் போனார்கள், தேவாரம் பாடிய எங்கள் குடும்பம் மாத்திரம் தன் காணிகளைப் பறங்கியரின் கோயிற்பற்றுப் பெயரிலேயே எழுதிக்கொண்டு வந்தது. யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. காணிக் கந்தோரில் பெயரை மாற்றப் போனால் வழக்குத்தான் வரும் என்று பாட்டா சொல்வார்.

பிறகு பரப்பும் குழியும் வரும். வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெல்லுக் கணக்கில் 24. ஒரு பரப்புக்கு 18 குழி. அதன் பின் நான்கு எல்லைகள். கடைசியில் இந்தக் காணியில் உள்ள வான்பயிர், தான்பயிர், வழி வாய்க்கால், கிணற்றில் பங்கு. எனக்கு விளங்காமல் போனது அந்தக் கிணறுதான். வட்டக் கிணற்றை எப்படி வெட்டிப் பங்கு போடுவது?

"ஆச்சி, பன்னிரண்டிலை ஒரு பங்கு கிணறு எண்டால் எந்தப் பக்கம்?"

"பக்கமில்லையடி. நாள். பன்னிரண்டு நாளைக்கு ஒருக்கா எங்கடை இறைப்பு."

அந்தக் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் இன்று யாருடைய பங்கு என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. துலா மிதிப்பவர்கள் சிரிப்பார்கள்.

பாட்டாவின் கதைகள் வேறு மாதிரி. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அதற்குத் தண்டவாளம் போட்டதே இலங்கையிலிருந்து போன ஆட்கள்தான் என்று பெருமையாகச் சொல்வார். அவர் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, சிக்னல்காரர் என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இருந்தார்கள். புலி ஒன்று பிளாட்பாரத்தில் படுத்திருந்த கதை எங்களுக்கு மாதம் ஒரு தடவை கிடைக்கும், ஒவ்வொரு தடவையும் புலி கொஞ்சம் வளர்ந்திருக்கும். வம்சம் சொல்லும்போதும் அவருக்கு ஆண்கள்தான். இன்னாருடைய மகன் இன்னார், அவருடைய மகன் உடையாரிடம் எழுத்து வேலை பார்த்தவர், அவருடைய மகன் தான் என்று ஏழு தலைமுறை ஒரே மூச்சில் இறங்குவார். நடுவில் ஒரு பெண் பெயரும் வராது.

பெட்டிக்குள் கதை தலைகீழ். ஆச்சியின் பெயர், ஆச்சியின் தாயின் பெயர், அவருடைய தாயின் பெயர். நாங்கள் இருந்த வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதன உறுதியாக இறங்கி வந்தவை. இதுதான் தேசவழமை. 1707-ல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுதினார், 12 முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள், 1806-ல் ஆங்கிலேயர் அதையே சட்டமாக்கினார்கள். தகப்பன் வழி முதுசம் மகன்மாருக்கு, தாய் வழிச் சீதனம் மகள்மாருக்கு, கலியாணத்தின் பின் தேடியது தேடியதேட்டம். சீதனம் வாங்கிய பெண் அதற்கு மேல் தாய்தகப்பன் சொத்தில் உரிமை கேட்க முடியாது. அண்ணன் தம்பிமார் கடல் கடந்து உழைத்த காசு சகோதரிகளின் சீதனக் காணியாக மாறியது. மலாயாவிலிருந்து வந்த மணியோடர் துண்டுகளும் அந்தப் பெட்டியின் அடியில் கட்டாக இருந்தன. பாட்டாவின் தம்பி அங்கேயே நின்றுவிட்டவர். 1941 கடைசியோடு அவருடைய துண்டுகள் நின்றுபோயின. சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு மூன்றரை வருடம் ஒரு கடிதமும் இல்லை.

வீடெல்லாம் கதையாக நிறைந்திருந்த பாட்டா உறுதிகளில் எங்கே இருக்கிறார் என்று தேடினேன். ஆச்சி ஒரு துண்டுக் காணி விற்ற உறுதியில், கடைசிப் பக்கத்தில், நாயகன் என்ற முறையில் சம்மதக் கையெழுத்து வைத்திருந்தார். அவ்வளவுதான். இதைப் பெண்ணாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. காணி அவளுடையது, ஆனால் புருஷன் கையெழுத்து இல்லாமல் அதை விற்க அவளுக்கு உரிமை இல்லை. ஆச்சி இதைப் பற்றி முறைப்பட்டு நான் கேட்டதில்லை. "அவர் வைக்காமல் விடுவாரோ" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் கொஞ்சம் எச்சரிக்கையும் இருந்தது.

எனக்குப் பிடித்த கடதாசி ஆச்சியின் அப்புவுடைய மரணசாதனம். நீலத்தாள், மடிப்பு மடிப்பாக இற்றுப்போனது. நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சி போதும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி வேண்டும் என்பது 1840-ஆம் ஆண்டுச் சட்டம். அப்புவுக்கு ஐந்து சாட்சிகள். மழை இரவு, வாய்க்கால் வெள்ளம், நொத்தாரிசுவின் வண்டி வரவில்லை. அயலில் தேடிப் பிடித்தவர்களில் இரண்டு பேர் இங்கிலீசில் கையெழுத்து வைத்தார்கள், இரண்டு பேர் தமிழில், ஐந்தாமவர் கீறல் போட்டார். அந்தக் கீறல் மட்டும் ஆழமாக, தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தமாக விழுந்திருந்தது.

தெளிந்த புத்தியோடு எழுதுவிக்கிறேன் என்று தொடங்கி, தோட்டம், பனங்காணி, வண்டி, சோடி மாடு என்று வரிசையாகப் போகும் அதில், நடுவே ஒரு வரி. தன் சகோதரிக்குத் தெற்குப் பக்க அறையில் சீவிய உரித்து, கோடிப் பக்கம் நிற்கிற பனை இரண்டின் பழமும் ஓலையும் அவளுக்கே, அவள் காலத்தின் பின் அவை வளவோடு சேரும். கலியாணம் கட்டாத அந்தச் சகோதரியைப் பற்றி வீட்டில் ஒரு கதையும் கிடையாது, படமும் இல்லை, திவசமும் இல்லை. ஆச்சியிடம் கேட்டால், "மாமி நல்ல பினாட்டுப் போடுவா" என்றார். பனம்பழத்தில் போடுகிற பினாட்டு. அண்ணனுக்கு அது தெரிந்திருக்கிறது. சாகக் கிடந்த நேரத்தில் ஐந்து பேரை எழுப்பி அந்த இரண்டு பனைகளை எழுத வைத்திருக்கிறார். பாசம் என்ற சொல் அந்த மரணசாதனத்தில் எங்கும் இல்லை. பத்திரம் எழுதுகிறவனுக்கு அது தேவையும் இல்லை.

காலத்தால் முந்தியவை இன்னும் அடியில். 1872-க்கு முந்திய உறுதிகளில் விலை ரூபாயில் இராது, பவுணும் சிலிங்குமாக இருக்கும். அதற்கும் அடியில், சிவப்புத் துணியில் சுற்றிய ஓலை நறுக்குகள். அவற்றை மட்டும் ஆச்சி வெயிலில் வைப்பதில்லை. கேட்டால், "அது பழைய ஓலை, ஒண்டுமில்லை" என்பார்.

ஒருமுறை அயலில் இருந்த பண்டிதர் வந்திருந்தபோது நான்தான் அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தார். எழுத்துகள் கறுப்பாக எழும்பி வந்தன. புள்ளி இல்லாத எழுத்து. காலும் ரகரமும் ஒன்றுபோல். வருடம் மாதம் கடந்து, அது சீதன ஓலை என்று அவர் கண்டுபிடித்தார். இன்ன பெண்ணுக்கு இன்ன காணி, இத்தனை பரப்பு. காதுக்கும் கழுத்துக்கும் இன்ன இன்ன நகை. வெண்கலப் பானை ஒன்று, சருவம் ஒன்று. பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அடிமை இரண்டு. ஒரு பெண், அவள் பிள்ளை. இரண்டு பெயர்களையும் வாசித்தார்.

வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது. ஆச்சி எழுந்து வந்து ஓலையை வாங்கித் துணியில் சுற்றினார். பண்டிதரும் தேத்தண்ணியைக் குடிக்காமலே, வேலை இருக்கிறதென்று எழும்பிவிட்டார்.

இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844-ல். தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதி இருந்தது. அவர்கள் சீதனமாகக் கொடுபட்டார்கள், வாங்கி விற்கப்பட்டார்கள். இவற்றை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வீட்டில் அறிந்தது அந்த ஒரு காலை நேரத்தில்.

பண்டிதர் வாசித்த பெண்ணின் பெயரோடு ஒரு கிழவி எங்கள் வளவுக்கு வேலைக்கு வருவார். நெல் குற்றுவார், வேலிக்குக் கட்டு ஓலை கிழிப்பார். பேரனுக்குப் பாட்டன் பெயரும் பேத்திக்குப் பாட்டி பெயரும் வைக்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் அந்தப் பெயர் அக்காலத்தில் ஊரில் நாலைந்து பேருக்கு இருந்தது, அதை வைத்து ஒன்றையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது வேறு. அவர் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாது. கிணற்றுக்கட்டுக்கு அப்பால் குடத்தோடு நிற்பார், எங்களில் ஒருவர் அள்ளி ஊற்ற வேண்டும். பல நாட்களில் ஊற்றியது நான்தான். பன்னிரண்டு பங்குக்காரரின் இறைப்பு முறையை உறுதிகளில் வரிக்கு வரி எழுதி வைத்திருந்தோம். அள்ளக் கூடாதவர் யார் என்று எந்த உறுதியிலும் எழுத்து இல்லை, எழுதாமலே அது நடந்தது. 1968-ல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியின் பெயரால் விலக்கப்பட்டிருந்த ஆட்கள் உள்ளே போகக் கேட்டு நின்றபோது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வானொலியைக் குறைத்து வைத்துப் பேசினார்கள். எனக்கு அந்த ஓலைதான் நினைவில் வந்தது. சொத்தாக இருந்தவரை ஓலையில் இருந்த பெண்ணின் பெயரும் அவள் பிள்ளையின் பெயரும் எங்கள் பெட்டிக்குள் இருந்தன. 1844-க்குப் பிறகு எழுதிய எந்தக் கடதாசியிலும் அந்தப் பெயர்கள் இல்லை. விடுதலையான பின் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எழுதி வைக்க எங்கள் குடும்பத்துக்குக் காரணம் இருக்கவில்லை.

ஆச்சி எழுபதுகளின் தொடக்கத்தில் போனார். அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின் அவருடைய மரணசாதனம் வாசிக்கப்பட்டது. வீடும் வளவும் அம்மாவுக்கு, தோட்டம் பாதிப் பாதி, கிணற்றில் பங்கு அதற்கேற்ப. புளியமரத்தைப் பற்றி இரண்டு மாமாமாரும் இழுபறிப்பட்டார்கள். அந்தக் கிழவியின் குடிசை எங்கள் பனங்காணி மூலையில்தான் இருந்தது. அந்தத் துண்டை அவர் பெயருக்கு ஆச்சி எழுதியிருப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டு தரம் வாங்கி வாசித்தேன். மூலை, மற்ற மூலைகளைப் போலவே, மாமா ஒருவரின் பங்கில் இருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தம் நெருங்கி வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது அம்மா பெட்டியை விட்டுவிட்டு உறுதிகளை மட்டும் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு போனார். அந்த வழியில் போன அநேகரிடம் அப்படி ஒரு பொதி இருந்தது. உறுதி தொலைந்தாலும் பிரதி ஒன்று காணிக் கந்தோரில் இருக்கும், நொத்தாரிசிடம் ஒன்று இருக்கும். ஆனாலும் யாரும் அதை நம்பிக் கையை வீசிக்கொண்டு போகவில்லை. ஓலைகளைச் சிவப்புத் துணியோடு வீட்டில் விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது கூரை இல்லை, பெட்டியும் இல்லை. பண்டிதர் வாசித்த அன்று மாலை நான் என் பள்ளிக் கொப்பியில் ஞாபகத்திலிருந்து எழுதி வைத்தது மட்டும் மிஞ்சியது. அது தைரியத்தால் எழுதியதல்ல. எதையும் கொப்பியில் எழுதுகிற வயது.

இப்போது மாமாவின் மகன் டொரொன்டோவில் இருந்து வம்சமரம் போடுகிறான். பாட்டாவின் ஏழு தலைமுறையும் வந்துவிட்டது, எல்லாம் ஆண்கள். பெண்களின் பெயர்களை உறுதிகளில் இருந்து எடுத்து நான் அனுப்பினேன். மகிழ்ந்துபோனான், இரண்டு பனைக்காரிக்குத் தனிக் கட்டம் போட்டான். அடுத்த தரம் ஓலையில் இருந்த இரண்டு பெயர்களையும் அனுப்பினேன். அவற்றை இங்கே எழுதாமல் விடுகிறேன், அவர்களுடைய வழியில் வந்தவர்கள் ஊரில் இருக்கக்கூடும். அன்றிரவே தொலைபேசி வந்தது.

"மச்சாள், இவை ஆர்? எங்கடை ஆக்களோ?"

"எங்கடை சீதன ஓலையிலை இருந்த ஆக்கள்" என்று சொல்லி, முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப இவையை மரத்திலை எங்கை போடுறது?"

"அந்தச் சீதனக்காரிக்குப் பக்கத்திலை போடு. என்னெண்டு வந்தவை எண்டும் எழுது" என்றேன்.

யோசிச்சுச் சொல்லுறன் என்றான். போன கிழமை பார்த்தேன், இன்னும் போடவில்லை.